பழைய கண்ணாடிக் கோலிகள்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒருத்தர் பழைய கோலிக்குண்டு சேர்க்கிறார் என்று தெரிந்த பிறகு அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பவுடர் டப்பாவிலும் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவரவர் கேட்டபடியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருகிறவை எளிதாகப் புரியும்.

அண்ணாச்சி, கோலிக்காயைச் சேத்து வைக்கதுக்கு அதுல அப்படி என்ன இருக்கு?

கண்ணாடி வேலை இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு உருண்டைக்குள் ஒரு பட்டறையின் கைப்பழக்கம் முழுக்க அடங்கியிருக்கும். எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்த்தார்கள், எந்தப் பக்கம் முறுக்கினார்கள், எங்கே வெட்டினார்கள் என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நூறு ஆண்டு கழித்தும் சொல்ல முடியும். அந்தப் பட்டறைகளில் பல மூடிப்போய்விட்டன. சிலவற்றில் செய்த பொருளைத் தவிர வேறு தடயம் குறைவு.

நம்ம பக்கத்து வீடுகள்ல என்னென்ன வகை கிடைக்கும்?

பெரும்பாலும் பூக்குண்டுதான். தெளிந்த கண்ணாடிக்குள் இதழ் இதழாக நிறம் இருக்குமே, அது. அடுத்தது பால் போல வெள்ளையாக, மேலே நிறக் கோடு ஓடும் குண்டு. மூன்றாவது கோலிசோடா பாட்டில் உடைந்து வந்த சாதாரணக் குண்டு. சைக்கிள் கடையில் வாங்கிய இரும்பு பால்ரஸும் டப்பாவில் கட்டாயம் கிடக்கும்.

கண்ணாடி வருவதற்கு முன் விளையாடியவையும் சில நேரம் கூட வரும். சாம்பல் நிறக் கழற்சிக்காய், சுட்ட மண் உருண்டை, உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் புன்னைக்காய். இவற்றுக்கு விலை கிடையாது. ஆனால் டப்பாவிலிருந்து பிரித்து எறியாதீர்கள். ஒரே டப்பாவில் கழற்சிக்காயும் கண்ணாடியும் சேர்ந்து இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தக் காலத்தில் எதை வைத்து விளையாடினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி என்றால் நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். துறைமுகம் வழியாக வந்த சாமான் அது.

கையால செஞ்சதா மெஷின்ல செஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

அடையாளம் காண்பதில் முதல் படி இதுதான். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்று ஒரு கண்ணாடி ஊர். 1840களில் அங்கே குண்டு வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரி உருவாக்கினார்கள். அதன் ஒரு முனையில் கிண்ணம் போன்ற அச்சு இருக்கும். நிறக் கண்ணாடிக் கம்பிகளைத் தெளிந்த கண்ணாடிக்குள் வைத்து ஒரு தண்டாக இழுப்பார்கள். தண்டை முறுக்கி, இளகிய முனையை அச்சில் வைத்து உருட்டி, வெட்டுவார்கள். அடுத்த குண்டு அதே தண்டின் மிச்சத்திலிருந்து வரும்.

ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் எதிரெதிராக இரண்டு வெட்டுத் தழும்பு இருக்கும். சில சொரசொரப்பாக இருக்கும், சில தேய்த்து மழுங்கியிருக்கும். உள்ளே ஓடும் நிற நூல்கள் எல்லாம் ஒரு தழும்பில் தொடங்கி மறு தழும்பில் போய் முடியும். நகைப் பட்டறையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் போதும். குண்டை விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். நூல்கள் எந்த இடத்தில் கூடுகின்றனவோ அங்கே தழும்பைத் தேடுங்கள்.

மெஷினில் செய்ததற்குத் தழும்பு இருக்காது. உருகிய கண்ணாடித் துளி, திருகு பள்ளம் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே விழுந்து, உருண்டுகொண்டே குளிர்ந்து உருண்டையாகும். மேற்பரப்பு முழுக்க ஒரே வழுவழுப்பு. சிலவற்றில் துளியை வெட்டிய இடம் மெல்லிய மடிப்பாகத் தெரியும். அதைத் தழும்பு என்று எண்ணிவிடக்கூடாது. மடிப்பு கோடாக ஓடும், தழும்பு ஒரு புள்ளியில் நிற்கும்.

ஜெர்மன் குண்டுன்னு எல்லாரும் சொல்லுதாவளே, அதுலயே எத்தனை தினுசு?

பல உண்டு. நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள் நூலால் வலை பின்னியதுபோல் இருப்பது லட்டிசினியோ. நடுவில் தட்டையான பட்டை ஓடுவது ரிப்பன். நடுவில் நிறக்கட்டி முழுதாக இருப்பது இன்னொரு வகை. மேற்பரப்பை ஒட்டி நிறத் துணுக்குகளை இழுத்துப் பரப்பியது ஆனியன் ஸ்கின். செம்புத் துகள் மின்னும் பொன்னிறப் பட்டை இருந்தால் லட்ஸ். அபிரகத் தூள் தூவியதும் உண்டு.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து வெளியே போகும் வரத்து விழுந்தது. அந்த இடத்தை அமெரிக்காவின் மெஷின் குண்டு பிடித்துக்கொண்டது.

'இண்டியன்' குண்டுன்னு ஒண்ணு இருக்காமே, அது நம்ம நாட்டுல செஞ்சதுதானே?

இல்லை. ஒளி புகாத கறுப்புக் கண்ணாடியின் மேல் நிறப் பட்டைகள் ஓடும் ஜெர்மன் கைவேலைக் குண்டுக்குச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. மேலே சொன்ன இரண்டு தழும்பும் அதில் இருக்கும். இந்தப் பெயரைச் சொல்லி யாராவது உள்ளூர்ச் சரக்கை விற்க வந்தால் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள்.

மெஷின் குண்டுன்னா எல்லாம் புதுசுதானா? அப்போ அதைத் தள்ளிரலாமா?

தள்ளவே கூடாது. மெஷின் குண்டுக்கும் நூறு ஆண்டுக்கு மேல் வயதிருக்கிறது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் மார்ட்டின் பிரெடரிக் கிறிஸ்டென்சன் என்பவர் முதலில் இரும்பு பால்ரஸ் செய்யும் இயந்திரம் அமைத்தவர். அதே யோசனையைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்து 1905இல் காப்புரிமை பெற்றார். உங்கள் டப்பாவில் பால்ரஸும் கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதற்கு இப்படி ஓர் உறவும் இருக்கிறது.

அடுத்துப் பெரிதாக வளர்ந்தது ஆக்ரோ அகேட். அதுவும் ஆக்ரனில் தொடங்கியதுதான். 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்குக்குப் போய் 1951இல் மூடியது. அவர்கள் குண்டில் நிறப்பட்டை ஒரு துருவத்திலிருந்து மறு துருவம் வரை திருகாணிபோல் சுற்றிக்கொண்டு போகும். கார்க்ஸ்க்ரூ என்பார்கள். ஒருமுறை பார்த்தால் பிறகு தப்பவே தப்பாது. இலினாய் மாநிலத்து பெல்டியர் கம்பெனி 1930களில் படக்கதைப் பாத்திரங்களின் முகம் பதித்த குண்டு போட்டது. 1949இல் தொடங்கிய மார்பிள் கிங் பட்டை பட்டையாக இரண்டு நிறம் ஓடும் குண்டுகளுக்குப் பெயர் வாங்கியது.

கம்பெனி பெயரை நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சிவப்பும் வெள்ளையும் எல்லோரும் போட்டார்கள். பட்டை எப்படி ஓடுகிறது, எங்கே முடிகிறது என்பதுதான் இயந்திரத்தின் கையெழுத்து.

பூக்குண்டு எங்க அப்பா சின்னப் பிள்ளையில விளையாடினது. அப்போ பழசுதானே?

உங்கள் அப்பாவின் பொருள் என்ற வகையில் பழசு. சேகரிப்பவர்கள் கணக்கில் பெரும்பாலும் இல்லை. உள்ளே இதழ் வைத்த குண்டை, அதாவது பூனைக்கண் என்று உலகம் முழுதும் சொல்லும் வகையை, பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பான். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1950 வாக்கில் அது அமெரிக்கச் சந்தையில் குவிந்தது. பிறகு எல்லா நாட்டிலும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆகவே பூக்குண்டைக் காட்டி யாராவது வெள்ளைக்காரன் காலத்தது, 1900க்கு முந்தியது என்றால் அது நடக்காத காரியம்.

இதழ் எத்தனை, ஒரே நிறமா கலந்த நிறமா, கண்ணாடி தெளிவா பச்சை ஓடியதா என்று பிரித்து வைக்கலாம். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. காசும் அதிகம் ஆகாது.

சோடா பாட்டில் குண்டுக்கு மதிப்பு உண்டா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கோலிசோடா பாட்டிலை வடிவமைத்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1872இல் காப்புரிமை. பாட்டில் கழுத்துக்குள் ரப்பர் வளையம் பொருத்த ஒரு பள்ளம், அதற்குக் கீழே குண்டு உருளும் அறை. சோடாவும் காஸும் ஏற்றும்போது பாட்டிலைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். குண்டு வாய்க்கு வந்து விழும், நிமிர்த்தினாலும் உள்ளே இருக்கும் காஸ் அதை ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் இருக்கும் இரண்டு குழி, ஊற்றும்போது குண்டு திரும்ப வாய்க்கு உருண்டு வந்து அடைக்காமல் தடுக்கத்தான். பாட்டிலை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பெட்டிக்கடையில் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே வகைப் பாட்டிலில் வருகிறது.

பாட்டிலுக்குள் போன குண்டுக்கு அலங்காரம் தேவையில்லை. அதனால் நிறப்பட்டை, பூ எதுவும் இராது. கண்ணாடியில் இரும்புக் கலப்பு இருப்பதால் லேசான பச்சையோ நீலப்பச்சையோ தெரியும். தனிக் குண்டாகக் கையில் கிடைத்தால் அது எந்தக் காலத்துப் பாட்டிலில் இருந்தது என்று சொல்ல வழியே இல்லை. மதிப்பு முழுக்க பாட்டிலில்தான்: கண்ணாடியில் புடைத்து நிற்கும் எழுத்து, கம்பெனி பெயர், ஊர்ப்பெயர்.

அப்போ பழைய பாட்டிலை உடைச்சுக் குண்டை எடுத்துக்கிடலாமா?

தயவுசெய்து உடைக்காதீர்கள். குண்டைத் தனியாக எடுத்தால் மேலே சொன்னபடி அதற்கு வயதும் போகும், ஊரும் போகும். சிறுவயதில் உடைந்த பாட்டிலிலிருந்து பொறுக்கினோம், அது வேறு. முழுப் பாட்டில் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. அதிலும் நம் மாவட்டத்து ஊர்ப்பெயர் புடைத்த பாட்டில் கிடைத்தால் அதைப் பத்திரமாக வைப்பது நம் வேலை.

குண்டுக்குள்ள வெள்ளி நிறத்துல ஒரு ஆடு நிக்கு. வெள்ளியா?

வெள்ளி இல்லை, வெண்களிமண் பொம்மை. சூடான கண்ணாடிக்குள் பொம்மையை வைக்கும்போது அதைச் சுற்றி ஒரு மெல்லிய காற்றுப் படலம் மாட்டிக்கொள்ளும். ஒளி பட்டு அதுதான் வெள்ளிபோல் மின்னுகிறது. இந்த வகைக்கு சல்ஃபைடு என்று பெயர். ஆடு, நாய், குதிரை, பறவை என்று பலவும் உண்டு. தண்டிலிருந்து வெட்டாமல் ஒவ்வொன்றாகச் செய்ததால் ஒரே ஒரு தழும்புதான் இருக்கும். மூன்றாவது கேள்வியில் சொன்ன இரண்டு தழும்பு விதிக்கு இது விலக்கு. விளையாட்டுக் குண்டைவிடப் பெரிதாகவும் இருக்கும்.

இப்படி ஒன்று வைத்திருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் இதன் புது நகல்களும் சந்தையில் நிறைய. பொம்மையின் முகம் தெளிவாக இருக்கிறதா, மேற்பரப்பில் உண்மையான உபயோகத் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியா கல்லா பிளாஸ்டிக்கா, எப்படித் தெரியும்?

எடை பாருங்கள். 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் குண்டு சுமார் 5.3 கிராம் இருக்கும். பிளாஸ்டிக் அதில் பாதிகூட வராது. பால்ரஸ் என்றால் 16 கிராமுக்கு மேல். நகைக்கடைத் தராசு வேண்டியதில்லை, கிராம் காட்டும் சின்னத் தராசு போதும்.

கல்லுக்கு இந்த வழி உதவாது. அகேட் கல்லின் எடையும் கண்ணாடியை ஒட்டித்தான் வரும். ஜெர்மனியின் இடார் ஓபர்ஸ்டைன் ஊரில் கையால் சாணை பிடித்த கல் குண்டு என்றால், ஒளியில் சாய்த்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் மிகச் சிறிய தட்டையான பட்டைகள் தெரியும். சாணைக்கல் பட்ட இடங்கள் அவை. கண்ணாடியில் தெரியும் காற்றுக் குமிழும் கல்லில் இருக்காது.

டார்ச் அடிச்சா பச்சையா எரியுது. யுரேனியமாம். வீட்டுல வைக்கலாமா?

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சில் பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடியில் யுரேனியம் நிறச்சேர்க்கையாக இருக்கலாம். முன்பு மஞ்சள், பச்சைக் கண்ணாடிக்கு இதைச் சேர்ப்பது வழக்கம். அளவு மிகக் குறைவு. அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. உடைக்கவோ சாணை பிடிக்கவோ வேண்டாம், தூள் உள்ளே போகக்கூடாது.

மாங்கனீசு கலந்த கண்ணாடியும் மங்கலான பச்சை காட்டும். ஆகவே ஒளிர்கிறது என்பதாலேயே பழசு என்று தீர்த்துவிட முடியாது. வேறு அடையாளங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவலாமா?

வேண்டாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி. புளி, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதுவும் கூடாது. கம்பி நார் மேற்பரப்பில் நுண்கீறல் போட்டுவிடும். அது திரும்ப மாறாது.

மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுவிட்டு அப்படியே பச்சைத் தண்ணீரில் போடாதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் கண்ணாடி உள்ளே விரிசல் விடும். சட்டியில் வறுத்துத் தண்ணீரில் போட்டு உள்ளே நொறுங்கிய அழகு வரவைக்கும் கைவேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய ஆசை என்றால் இன்று கடையில் வாங்கிய குண்டில் செய்யுங்கள்.

சில்லு போயிருக்கு. பாலிஷ் போட்டா விலை கூடும்னு ஒருத்தர் சொன்னாவ. உண்மையா?

தப்பு. பாலிஷ் போட்டால் மேல் தோல் போய்விடும். கைவேலைக் குண்டில் தழும்பும் கூடவே போய்விடும். அடையாளம் காணும் முதல் சாட்சியே அழிந்த பிறகு அது வெறும் அழகான உருண்டை.

குறைகளில் தரம் உண்டு. மேற்பரப்புக்கு அடியில் பிறைபோல் தெரியும் அடி பொறுத்துக்கொள்ளக்கூடியது, விளையாடிய குண்டில் அது சகஜம். சில்லு பெயர்ந்தது அதைவிட மோசம். உள்ளே ஓடும் விரிசல் எல்லாவற்றிலும் மோசம். செய்யும்போதே விழுந்த மடிப்பும் குமிழும் குறையே இல்லை.

போலி எப்படி இருக்கும்?

பழைய பாணியில் புதிதாகக் கையால் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல கலைஞர்கள் தங்கள் முத்திரையோடு விற்பார்கள், அது போலி இல்லை. முத்திரையை அழித்து ‘தாத்தா காலத்தது’ என்று விற்கும்போதுதான் ஏமாற்று வருகிறது. நிறம் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் புதிதாக, தழும்பு கத்தி வைத்ததுபோல் கூராக, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், அதுவும் ஒரே மாதிரி நிறைய இருந்தால் நான் வாங்க மாட்டேன். போட்டோவை மட்டும் பார்த்துப் பணம் அனுப்புவதையும் தவிர்க்கச் சொல்வேன். தழும்பைப் போட்டோவில் நம்பகமாகப் பார்க்க முடிவதில்லை.

எங்க போய்த் தேட?

முதலில் உங்கள் வீட்டுப் பரணில். பிறகு சித்தி வீடு, பெரியம்மா வீடு. பழைய வீடு இடிக்கும்போது வரும் சாமான், பழைய இரும்புக் கடை, மூடப்போகும் பழைய ஸ்டோர் என்று விரிந்து போகலாம். தாமிரபரணியில் கோடையில் தண்ணீர் வற்றும்போது படித்துறை மணலில் தேய்ந்த குண்டு கிடைப்பதுண்டு. ஆற்று மணல் உரசி மேற்பரப்பு மங்கிப்போயிருக்கும். விலை இராது, எனக்கோ அப்படிப்பட்டவை மீது தனிப் பிரியம்.

ஆதிச்சநல்லூர் பக்கம் ஒரு சிவப்பு உருண்டை கிடைச்சுது. இதுவும் கோலிதானா?

முதலில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். நடுவில் துளை இருந்தால் அது மாலையில் கோத்த மணி, கோலி இல்லை. அப்படியானால் இந்தப் பக்கத்தில் எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. ஆதிச்சநல்லூர் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். அங்கே தோண்டுவதும் எடுப்பதும் குற்றம். பொருள் கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் ஆய்வாளர்களுக்கு அது பேசும். எடுத்தது எடுத்ததாக இருந்தால் தொல்லியல் துறை அலுவலகத்தில் ஒப்படைத்து, எந்த இடத்தில் கிடைத்தது என்று சொல்லுங்கள்.

வேறு எந்த நிலத்திலும் மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது.

வெளிநாட்டுல நல்ல விலை தராவளாம். அனுப்பி வச்சிரலாமா?

அவசரப்படாதீர்கள். நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் அனுமதி இல்லை. ஜெர்மன் கைவேலைக் குண்டு என்று உறுதியானால் அதன் வயது நூறைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அனுப்பும் முன் தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். மெஷின் பூக்குண்டுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் அதை அங்கே யாரும் பெரிய விலைக்குக் கேட்கப் போவதும் இல்லை.

சரி, என் குண்டுக்கு எவ்வளவு தருவீய?

நான் விலை சொல்வதில்லை. விலையை நான்கு விஷயம் தீர்மானிக்கும்: வகை, அளவு, நிலை, பார்த்தவுடன் கண்ணை நிறுத்தும் அழகு. ஒரே வகையில் அளவு கூடக்கூட விலை வேகமாக ஏறும், ஏனென்றால் பெரிய குண்டு குறைவாகத்தான் செய்தார்கள். நிலை என்பது சில்லைப் பற்றிய பதிலில் சொன்னதுதான். கடையில் எழுதியிருக்கும் விலையை நம்பாதீர்கள், கைமாறிய விலைதான் விலை.

வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு. விளையாடக் கொடுக்கலாமா?

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் எந்தக் குண்டும் வைக்காதீர்கள். தொண்டையில் சிக்கும் சரியான அளவு அது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூக்குண்டைக் கொடுத்துப் பேந்தா ஆடவிடுங்கள். அடையாளம் கண்டு எடுத்து வைத்த பழையதை மட்டும் ஆட்டத்தில் இறக்க வேண்டாம்.

எப்படி வைக்க? எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன்.

ஒன்றோடொன்று மோதிப் பிறை விழுவது அந்தப் பாட்டிலுக்குள்தான். முட்டை அட்டை நல்லது, மாத்திரை டப்பா நல்லது, நகைக்கடைத் தட்டு கிடைத்தால் மிக நல்லது. நேர் வெயில் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதுங்கள். குறுக்களவு, எடை, தழும்பு உண்டா இல்லையா, நிறம் ஓடும் விதம். அதன் கீழே யார் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது, எந்த ஊர், யார் விளையாடியது, அவர் அப்போது எந்த ஊரில் இருந்தார் என்று எழுதுங்கள். மேல் பாதியை யார் வேண்டுமானாலும் பிறகு அளந்துகொள்ளலாம். கீழ்ப் பாதியைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி ஒருத்திதான். அவளிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.